கலோர் என்றால் எத்தனை பேர்?

கரையான்சாவடி ஜவுளிக்கடை வாசலில் ஒரு பேனர் - 'ஆஃபர்ஸ் கலோர்!' அது என்ன சார் கலோர், எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். சும்மா விடுவேனா? போன ஞாயிறு காலை, காபியும் அகராதியுமாக உட்கார்ந்துவிட்டேன்.

போன் 'டிங்' என்றது. எங்கள் முகப்பேர் அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குரூப். ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது மாடி செல்வராஜ் சார் போய்விட்டார்; உடலை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்களாம். ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பாவம், நல்ல மனுஷன். மனைவி கால் எலும்பு முறிந்து வீட்டில் படுத்திருக்கிறார். ஒரே மகள் கோவையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள்.

குரூப்பில் கும்பிடு பொம்மைகள் குவிந்தன. நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு... அகராதிக்குத் திரும்பினேன்.

கலோர், அயர்லாந்துக்காரர்களின் வார்த்தை. அவர்கள் மொழியில் 'போதுமான அளவுக்கு' என்று அர்த்தமாம். இங்கிலீஷ்காரர்கள் வாங்கி 'ஏராளம்' ஆக்கிவிட்டார்கள். அடடா, இந்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி!

காலிங் பெல். வாட்ச்மேன் முனுசாமி, வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"சார், ஆம்புலன்ஸ் வந்து முக்கா மணி நேரமாவுது. லிப்ட்ல ஸ்ட்ரெச்சர் பூரல. படில தூக்கினு போவணும். அம்மா மேல அழுதுகினு கீறாங்க."

"கீழே யாருமே இல்லையா? குரூப்ல எண்பத்தாறு பேர் கும்பிட்டிருக்காங்களே!"

"அத்தினி பேரு இன்னாத்துக்கு சார்? நானும் டிரைவரும் கீறோம். இன்னும் ரெண்டு பேரு வந்தா போதும்."

எனக்குச் சுருக்கென்றது. எதிர் ஃப்ளாட் கதவைத் தட்டினேன். ஐ.டி. வேலை பார்க்கும் தினேஷ், ஷார்ட்ஸோடு ஓடி வந்தான்.

"கீழ பெரிய கூட்டமா இருக்கும்னு நெனச்சேன் அங்கிள்..."

நானும் அதைத்தானே நினைத்தேன்? அந்த எண்பத்தாறைப் பார்த்த எல்லோருமே அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நான்கு பேருமாகத் தூக்கினோம். மூன்று மாடி. வழியெல்லாம் மூடிய கதவுகள். உள்ளே ஒரு வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கினோம். அந்த அம்மா எட்டி அவர் கன்னத்தைத் தொட்டார்.

"வாசல் வரைக்கும் வந்துட்டு... இவ்ளோ நேரம் கீழ என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?"

கேட்டது அவரைத்தான். தலைகுனிந்தது நான்.

அன்புள்ள வாசகிக்கு - கலோர் என்றால் எண்பத்தாறு இல்லை, நாலு.