பஞ்சு ஒட்டிய ஆ

சோபாக்காரர் வீட்டு முன்னறைக்குள் போகிறவர்கள் காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். குடல் சரிந்த சோபா ஒன்று எப்போதும் கவிழ்ந்து கிடக்கும். அதற்கடியில் பெரும்பாலும் ஒரு குழந்தை இருக்கும். ரெக்சின் துண்டு, ஸ்பிரிங், பஞ்சு, பித்தளைப் பொத்தான், சணல் நூல் என்று தரை தெரியாமல் சாமான் இறைந்திருக்கும். நடுவில், நாலு ஆணியை உதட்டில் கவ்வியபடி சுத்தியலோடு குந்தியிருப்பார் அவர். வாயில் ஆணி இருக்கும்போது அவரால் தலையைத்தான் ஆட்ட முடியும். பிள்ளைகள் இரண்டும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து கேட்கும்.

"அப்பா, பசை டப்பாவைத் திறக்கட்டுமா?"

தலை எந்தப் பக்கம் ஆடினாலும் அவர்கள் கணக்கில் அது சம்மதம்.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அதன் பிறகு இன்னும் இருபது வருடம் இருந்தார். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் கூடினால் பேச்சு எப்படியோ அந்த ஒரு வருடத்துக்குத்தான் போய் நிற்கிறது.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட் என்று மாறி மாறிப் போவார். மூத்தவளுக்கு ஆறு வயது. சின்னவனுக்கு நாலு, அவனை வீட்டில் 'வால்' என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்தவளைப் பள்ளியில் சேர்த்து மூன்று மாதம் அனுப்பினார்கள். வீட்டில் விடியும்போது தொடங்கிய பேச்சைத் தூக்கத்தில்தான் நிறுத்துகிற பெண், பள்ளியில் மூன்று மாதமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைக் காலரைச் சப்பிச் சப்பி நைந்துபோக வைத்ததுதான் மிச்சம். கொஞ்ச நாளில் வீட்டிலும் பேச்சு குறைந்தது. சோபாக்காரர் பயந்துபோனார். மனைவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து யோசித்தார். மறுநாள் போய்ப் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் மூத்தவள் அவர் பக்கத்தில் வந்து குந்தி, "அப்பா, பசைக்கு ஏன் இவ்வளவு நாத்தம்?" என்று கேட்டாள். அவர் ஆணிகளைத் துப்பிவிட்டு அரைமணி நேரம் பதில் சொன்னார்.

இதில் சம்மதம் இல்லாத ஒரே ஆள் அவருடைய அக்கா. முதல் வகுப்பு டீச்சர். இருபத்திரண்டு வருடமாகக் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறவர். ஊரே அவரை டீச்சர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் தம்பிக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

"ஏண்டா, கிழிஞ்ச சோபாவைத் தைக்கிற மாதிரி நினைச்சியா? பிள்ளைடா, பிள்ளை!"

"தையல் பிரிஞ்சா மறுபடி தைக்கலாம் டீச்சர். அதுக்குத்தான் வீட்ல வச்சிருக்கேன்."

எழுத்து எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று அவர் ஒரு புத்தகத்தையும் பார்க்கவில்லை. கையில் இருந்த சாமானைப் பார்த்தார். பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, ஒரு சாண் உயரத்துக்கு ஒவ்வொரு எழுத்தாக எடுத்தார். மாதா கோயிலில் கேட்கிற கதை ஏதாவது ஒன்றை ஒவ்வொரு எழுத்தோடும் சேர்ப்பது என்பது மனைவியின் யோசனை. ஆ என்றால் நல்ல மேய்ப்பனின் ஆட்டுக்குட்டி, அதனால் எழுத்து முழுக்கப் பஞ்சு. இ என்றால் இதயம், சிவப்பு ரெக்சின். ஊ என்றால் ஊசியின் காது, ஒட்டகம் நுழையத் திண்டாடிய அதே காது. சோபா தைக்கிற சணல் நூலை அதன் மேல் வளைத்து வளைத்து ஒட்டினார்கள். ஏ என்றால் யாக்கோபு கனவில் கண்ட ஏணி, தீக்குச்சிகள். ஐ என்றால் ஐந்து அப்பம், ஐந்து பித்தளைப் பொத்தான்.

ஈ வந்தபோது வீட்டில் சின்னச் சண்டை.

"ஈயா? சாமி கதைன்னு சொல்லிட்டு ஈயை ஒட்டுறீங்க?" என்றார் மனைவி, சீருடையைக்கூட மாற்றாமல்.

"இயேசு பிறந்தது எங்க? மாட்டுத் தொழுவத்துல. மாடு இருக்கிற இடத்துல ஈ இருக்காதா? நீ ஆஸ்பத்திரி வார்டுன்னு நினைச்சுக்கிட்ட."

கறுப்பு ரெக்சினில் ஈக்கள் வெட்டி ஒட்டப்பட்டன. நர்ஸம்மா அந்த எழுத்தைக் கடந்து போகும்போதெல்லாம் கையை வீசி விரட்டுவதுபோல நடிப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

உ என்றால் உப்பு. பசை தடவி அதன்மேல் கல்லுப்பைத் தூவினார்கள். ஆனால் அந்த எழுத்து நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. வால்தான் போகிற வருகிற நேரமெல்லாம் நக்கிக்கொண்டிருந்தான்.

ஔ மட்டும் சிக்கலாகிவிட்டது. எந்தக் கதையிலும் அதற்கு ஒன்றும் அகப்படவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சோபாக்காரர் பங்குத்தந்தையிடமே போய்க் கேட்டார்.

"ஃபாதர், ஔ-வுல யாராவது புனிதர் இருக்காரா?"

தந்தை தாடியைச் சொறிந்தார். "ஒரு வாரம் டைம் குடுங்க."

அடுத்த ஞாயிறு தூரத்தில் சோபாக்காரரைக் கண்டதும் தந்தை வேறு வாசல் வழியாகப் போய்விட்டார். ஆகவே ஔ ஒன்றும் ஒட்டாமல், வெறும் அட்டையாகவே சுவரில் தொங்கியது.

உயிர் முடிந்து மெய், மெய் முடிந்து கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனித் துண்டுகளாக வந்தன. ஒரு வருடத்தில் சுவர் நிறைந்தது. துண்டுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு மூத்தவள் சொற்களை வாசிப்பாள். 'பால்' என்பாள், 'கடவுள்' என்பாள், 'வால் கெட்டவன்' என்பாள். கடைசிச் சொற்களை அவளே கோத்தாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் டீச்சரை ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார். டீச்சர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். ஈ-யின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையிலிருந்து முதல் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, உயிரெழுத்துகள் பன்னிரண்டும் அச்சடித்திருந்த பக்கத்தைத் திறந்து மூத்தவளின் மடியில் வைத்தார்.

"படி கண்ணு."

மூத்தவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை மெல்லக் காலருக்குப் போனது. சோபாக்காரர் குந்தியிருந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார். போன வருடம் பள்ளியில் வாய்க்கு விழுந்த பூட்டு மறுபடி விழுந்துவிட்டதா?

வெகுநேரம் கழித்து அவள் விரல் பக்கத்தின் கடைசிக்குப் போய் நின்றது.

"ஔ."

"மத்தது?"

விரல் ஔ-வை விட்டு நகரவில்லை. டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"பன்னிரண்டுல ஒண்ணு. அதுவும் யாருக்கும் உதவாத ஒண்ணு. நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கடா." சத்தம் போடவில்லை, அதுதான் தம்பிக்கு இன்னும் வலித்தது. "ஒரு மாசம் தரேன். குழந்தைகள் திருப்பலியில பிள்ளைங்க வாசிக்கிற மன்றாட்டு வேண்டுதல்களை நான்தான் எழுதுறேன். இவ ஒண்ணு வாசிக்கட்டும். சீட்டை அங்கதான் குடுப்பேன், மனப்பாடம் எல்லாம் செல்லாது. வாசிச்சிட்டா நான் இதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன். இல்லன்னா என் வகுப்புல சேர்த்துடு. சம்மதமா?"

சோபாக்காரர் வாயில் ஆணி இல்லாமலே தலையை ஆட்டினார்.

டீச்சர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், மூத்தவள் பேச ஆரம்பித்துவிட்டாள். அத்தையின் பை புதுசு, அத்தைக்கு இடது காதில் தோடு கோணல், அத்தை புத்தகத்தில் ஒரு நாய்ப் படம் இருக்கிறது.

"இவ்வளவு பேசுறியே, ஆ-வை ஏம்மா சொல்லலை?"

"அந்தப் புக்குல ஆ இல்லப்பா."

"ரெண்டாவதா இருந்துச்சே?"

"அது ஆ இல்ல. ஆ-ல பஞ்சு இருக்கும்." ஒன்றும் தெரியாத அப்பாவுக்குப் புரியவைக்கிற பொறுமையோடு சொன்னாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரோரம் நடந்தாள். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு, ஒன்று தவறாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

சோபாக்காரர் கவிழ்ந்து கிடந்த சோபாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் ஒட்டாத ஔ மட்டும் ஏன் தெரிந்தது என்று இப்போது விளங்கியது. அவள் வாய்க்குப் பூட்டு விழவில்லை. அந்த நிம்மதியில் அவருக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை.

மாலை வேலை முடிந்து வந்து இதைக் கேட்ட மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார். "பஞ்சு, பொத்தான், உப்புன்னு ஒரு வருஷமா கடைச் சாமான் லிஸ்ட்டைச் சொல்லிக் குடுத்திருக்கோம்!"

சிரித்து முடித்தபோது ஒரு மாதத்தில் ஒரு நாள் போயிருந்தது. அடுத்த மூன்று நாளும் வீணானது. சோபாக்காரர் பேனாவால் எழுதிக் காட்டிய எழுத்துகளை மூத்தவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பழுதுபார்க்க ஒரு சோபா வந்தது. அவர் வழக்கம்போல மேல்துணியைக் கிழித்தார், ஸ்பாஞ்சைப் பிய்த்தார், ஸ்பிரிங்கைக் கழற்றினார். வெறும் மரச்சட்டம் நின்றது.

"இப்பவும் இது சோபாவாப்பா?" என்றாள் மூத்தவள்.

"சோபாதான். சட்டம் இருக்குல்ல. மேல எதைப் போட்டாலும் உள்ள இதுதான்." சொல்லிவிட்டுக் கையிலிருந்த குறடோடு அப்படியே நின்றார். பிறகு சுவரைப் பார்த்தார்.

அன்றிலிருந்து வீட்டில் உரிக்கிற வேலை. ஒட்டியபோது இருந்ததைவிடப் பிள்ளைகளுக்கு இதில் குஷி அதிகம். தீக்குச்சி பறந்தது, ரெக்சின் ஈக்கள் வாலின் மூக்கில் உட்கார்ந்தன. உ-வை உரிக்க வேண்டிய வேலையே இல்லை, கடைசி உப்புக்கல்லை வால் முந்தின நாள்தான் நக்கி முடித்திருந்தான். ஆ-விடம் வந்தபோதுதான் மூத்தவள் குறுக்கே நின்றாள்.

"ஆட்டுக்குட்டிக்குக் குளிருமே!"

சோபாக்காரர் வற்புறுத்தவில்லை. தினம் ஒரு சிட்டிகை பஞ்சு என்று பேரம் படிந்தது. பிய்த்த பஞ்சை அவள் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தாள். அட்டை மொட்டையாக மொட்டையாக, அவள் விரலால் அதன் வளைவைத் தடவிப் பார்ப்பாள், பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பாள். மூன்றாவது வாரம் பால் பாக்கெட்டின் மேலிருந்த எழுத்துகளை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல ஆட்டுக்குட்டி இருக்கு, துணியில்லாம!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு கடைப் பலகை, மருந்துச் சீட்டு, பேருந்தின் முதுகு என்று ஒன்றையும் விடவில்லை. தெருவில் இரண்டு நிமிட வழிக்கு இருபது நிமிடம் ஆனது.

ஆனால் தெருவில் வாசிப்பது வேறு, இருநூறு பேர் முன்னால் வாசிப்பது வேறு. குழந்தைகள் திருப்பலி நடந்த ஞாயிறு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சோபாக்காரருக்கு இரண்டு பயம். எழுத்துப் பயம் சின்னது. அவள் வாயைத் திறப்பாளா என்பதுதான் பெரியது.

மூத்தவளுக்கு மைக் எட்டவில்லை. யாரோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டார்கள். டீச்சர் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றார். அவள் கை காலருக்குப் போனது. சோபாக்காரர் மனைவியின் கையைப் பிடித்தார்.

காலரைத் தொட்ட கை இறங்கிச் சீட்டின் மேல் வந்தது. ஒரு விரல் நீண்டது.

"வீ... டு... வீடு... இல்... லா... த... வர்... கள்..."

ஒவ்வொரு எழுத்தும் வெகுதூரத்திலிருந்து நடந்து வருவதுபோல வந்தது. ஒரு கிழவர் இருமினார். பாடகர் குழுவில் ஒரு பையன் கொட்டாவி விட்டான். "வீடு இல்லாதவர்கள் எல்லாருக்கும்..." என்று சேர்த்துச் சொல்லிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினாள். முடிந்துவிட்டது என்று நினைத்த சபை, ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.

மூத்தவள் தலையை நிமிர்த்தினாள். இருநூறு பேரையும் ஒருமுறை பார்த்தாள். மைக்கில் கணீரென்று சொன்னாள்.

"இருங்க, இன்னும் முடியலை."

கோயில் சிரித்தது. பீடத்தில் தந்தை குனிந்து எதையோ தேடுவதுபோலச் செய்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை, வேலையாக இருந்தாள். "ஒரு... நல்ல... வீடு... கி... டைக்க... மன்றாடுகிறோம்." பிறகு சபையைப் பார்த்து, "இப்ப சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்கள். சோபாக்காரர் மட்டும், வாயில் ஆணி இருப்பதுபோல, தலையை ஆட்டினார்.

வெளியே படிக்கட்டில் டீச்சர் காத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"வாசிச்சதை விடுடா, என் வகுப்புல அதைவிட நல்லா வாசிக்கிற பிள்ளைங்க இருக்கு. அந்த 'இன்னும் முடியலை'ன்னு சொன்னது இருக்கே, அதை யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல டீச்சர்."

"பள்ளிக்கூடத்துல மூணு மாசம் தண்ணி வேணும்னுகூட வாயைத் திறக்காத பிள்ளைடா இது." படியோரம் வந்து எட்டிப் பார்த்தார். மூத்தவள் கீழே முற்றத்தில், தன்னைவிட உயரமான இரண்டு பெண்களுக்கு ஏதோ சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தாள். "சரி. சொன்ன சொல் சொன்னதுதான். வீட்லயே இருக்கட்டும், அவளுக்கா எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வரட்டும்."

இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"என் வகுப்புக்கும் ஒரு செட் வெட்டிக் குடு. அந்த ஈயும் வேணும். உரிச்ச கதையை அவளே என்கிட்ட சொன்னா. பசையை மட்டும் கம்மியாப் போடு, பிள்ளைங்க கையால உரிக்க வரணும்."