அண்ணாவும் நான் வாங்கிக் கொடுத்த உப்பும்

அண்ணாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். இப்படியான மலரில் போனவரின் நற்குணங்களைத்தான் எழுதுவார்கள். நானும் எழுதுகிறேன். ஆனால் அண்ணாவின் கடைசி நாட்களைப் பற்றி உங்களில் பலர் ஒரு பிழையான கதையை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதைத் திருத்தாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

அண்ணா கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தார். அப்பா ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞர். நான்கு பேருக்கு இரண்டு அறை வீடு. இனக்கலவரத்தில் அந்த வீடு எரிந்தபோது அண்ணா பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தார், நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். ஒரு பாடசாலையில் அகதிகளாகத் தங்கினோம். அங்கே வயிற்றோட்டம் பரவத் தொடங்கியது. மற்றவர்கள் யாரைக் குறை சொல்வதென்று பார்த்துக்கொண்டிருக்க, அண்ணா எங்கோ போய்க் குளோரின் தூள் வாங்கி வந்து, தண்ணீர்ப் பீப்பாக்களில் அளவாகக் கலந்து, மூடி போட்டு, காவலுக்கு ஆளும் வைத்தார். குழந்தைகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர்தான் என்று தாய்மாரோடு சண்டை பிடித்தார். அந்தக் குரலுக்கு எல்லோரும் பயந்தார்கள். வயிற்றோட்டமும் அடங்கியது.

பிற்காலத்தில் அந்தக் கதையைச் சொல்லி என்னை மடக்குவதில் அவருக்கு ஒரு தனிச் சுகம்.

“டேய் தம்பி, அந்தப் பீப்பாவுக்குள்ள என்ன பாடம் இருந்தது, சொல்லு பாப்பம்?”

“கிருமி வந்து உயிரியல், குளோரின் வந்து இரசாயனம்.”

“தூள் பீப்பா முழுக்கப் பரவினதே, அது என்ர பௌதிகம். வயித்தாலை போற ஆளுக்குத் தெரியுமோ தனக்கு எந்தப் பாடத்தாலை போகுதெண்டு?”

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து இருவரும் டியூசன் வகுப்பு நடத்தத் தொடங்கினோம். அண்ணா பௌதிகவியல், நான் இரசாயனவியல். உயிரியலுக்கு வேறொரு ஆசிரியரைப் பிடித்தோம். அண்ணியை அண்ணா மணந்ததும் அந்தக் காலத்தில்தான். கிருலப்பனையைச் சேர்ந்த அண்ணி வங்கியில் வேலை பார்த்தார். வகுப்புக்குப் பிள்ளைகள் சேராத முதல் இரண்டு வருடமும் எங்கள் இருவருக்கும் சோறு போட்டது அண்ணியின் சம்பளம்தான்.

அண்ணா அருமையான ஆசிரியர். ஆனால் ஒரு பாடத்துக்குள் அடங்கி நிற்கத் தெரியாதவர். கடற்கரைத் தண்டவாளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். ஆணியில் பிடித்த துருவைச் சுரண்டி, உப்புக்காற்று இரும்புக்குள் மின்கலம் கட்டுகிற கதையைச் சொல்வார். அதோடு விடுவாரா? கல்லிடுக்குப் பாசிக்குப் போவார், அங்கிருந்து நண்டுக்குப் போவார். மின்கலம் படிப்பிக்கும் நாளில் நரம்புக்கும் இருதயத்துக்கும் தாவிவிடுவார். உடற்கலத்துக்கு உள்ளே பொற்றாசியம், வெளியே சோடியம், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தில்தான் இருதயம் துடிக்கிறது என்று கரும்பலகை நிறையப் படம் வரைவார். “விஞ்ஞானம் ஒரு வீடு, பாடமெல்லாம் அதின்ர அறையள். கதவைப் பூட்டிப்போட்டு இருக்கிறவனுக்குத்தான் மூச்சு முட்டும்” என்பார்.

பெற்றோர் முறையிட்டார்கள், பாடத்திட்டம் முடியவில்லை என்று. அதைவிட எனக்கு எரிச்சலூட்டிய விடயம் வேறு. என் வகுப்பில் நான் ஒரு பாடத்தைத் தொடங்கினால், “சேர், இதைப் பெரிய சேர் போன கிழமையே சொல்லிப்போட்டார்” என்று பின்வரிசையில் இருந்து சத்தம் வரும். எனக்குப் பொறாமை. அதை ஒழுங்கு என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டேன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும், கரும்பலகையில் இருந்த இருதயப் படத்தைக் காட்டி, பிள்ளைகள் படியிறங்கும்போதே கத்திவிட்டேன்.

“இதை அழியுங்கோ அண்ணை. இனிமேல் என்ர பாடத்துக்குள்ள வராதேங்கோ. நானும் உங்கட பாடத்துக்குள்ள வரமாட்டன்.”

அண்ணா டஸ்டரை எடுத்துத் தானே அழித்தார். “சரி ராசா” என்றார். அவ்வளவுதான். வகுப்பை மூடும்வரை அந்த வாக்கைக் காப்பாற்றினார். இரசாயனத்தைத் தொடுகிற கேள்வி வந்தால், “அது தம்பி சேரின்ர வளவு, அங்கை போய்க் கேளுங்கோ” என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் வென்றுவிட்டதாகச் சிரிப்பேன்.

தங்கள் பிள்ளைகள் வெளிநாடு போனபின் அண்ணாவும் அண்ணியும் தனித்தார்கள். அடுத்த தொடர்மாடியில்தான் நான். அண்ணாவுக்கு நெடுநாள் நீரிழிவு, பிறகு பிரஷர், கடைசியில் சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியது. கிளினிக்கில் மருந்துக் குளிசை மாற்றினார்கள், உப்பை நன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். சாப்பாட்டில் ஆசையுள்ள மனிதர். “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்து அண்ணியைப் பாடாய்ப் படுத்தினார். நாளொன்றுக்கு ஒரு தம்பிலி, அதாவது நம் செவ்விளநீர், அது மட்டும்தான் விருப்பத்தோடு குடித்தார். உடம்புக்குக் குளிர்ச்சி என்று அண்ணியும் தவறாமல் வெட்டுவித்து எடுத்து வருவார்.

அப்போதுதான் நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். சுப்பர்மார்க்கெட்டில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பைக்கற் இருந்தது. திருப்பிப் பார்த்தேன், பெரும்பங்கு பொற்றாசியம் குளோரைட்டு. இரசாயனம் படித்தவன் கண்டுபிடித்த வழி என்று பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணா பைக்கற்றை வாங்கி வாசித்தார். திருப்பி இன்னொரு தரம் வாசித்தார். “டொக்டரிட்டை ஒருக்காக் கேப்பமோ?” என்றார்.

“உப்பு என்ர பாடம், அண்ணை. இதுக்கு ஏன் டொக்டர்?”

“சரி, சரி. உன்ர வளவுக்குள்ள நான் வரேல்லை” என்று கையைத் தூக்கிச் சிரித்தார். அன்றைக்குப் பருப்புக்கும் மீன்குழம்புக்கும் அந்த உப்பைத் தாராளமாகப் போட்டுக்கொண்டார். கனகாலத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார் என்று அண்ணி எனக்கு நன்றி சொன்னார்.

அந்த உப்பின் ஆபத்து அண்ணாவுக்குத் தெரியாததல்ல. பொற்றாசியத்தையும் இருதயத்தையும் ஒரே பலகையில் எழுதியவர் அவர். அதை அழிக்கச் சொன்னவன் நான். பழுதான சிறுநீரகம் பொற்றாசியத்தை வெளியே தள்ளாது, புதிதாகக் கொடுத்த குளிசையும் அதை உடம்பிலேயே தேக்கி வைக்கும். இதெல்லாம் இரகசியமல்ல. நான் ஒரு கதவைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சில வாரத்தில் அண்ணாவுக்குக் காலில் பலமில்லை, களைப்பு. வெயில் களைப்பென்று அண்ணி இன்னொரு தம்பிலி கொடுத்தார். ஒரு காலையில் கதிரையில் இருந்து எழ முடியாமல் சரிந்தார். ஆஸ்பத்திரியில் ஈசீஜியைப் பார்த்த டொக்டர், இரத்தத்தில் பொற்றாசியம் மிக அதிகம் என்றார். என்ன சாப்பிட்டவர் என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணியும் சிங்களத்திலேயே, ஒவ்வொரு நாளும் தம்பிலி கொடுத்ததைச் சொன்னார். சிறுநீரக நோயாளிக்கு அது கூடாதே அம்மா என்று டொக்டர் தலையை ஆட்டினார்.

நான் பக்கத்தில் நின்றேன். பொற்றாசியம் என்ற சொல் காதில் விழுந்த அந்தக் கணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. அண்ணியைப் பொறுத்தவரை உப்பு என்றால் உப்புத்தான், அதைச் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. டொக்டர்மார் தங்களால் இயன்ற மருந்தெல்லாம் கொடுத்தார்கள். மறுநாள் அண்ணா போய்விட்டார். உடலை வீட்டுக்குக் கொண்டுவருமுன் நான் அண்ணியின் அடுப்படிக்குப் போய், மிச்ச உப்பைச் சிங்கில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். நன்றாகக் கரைகிற உப்பு அது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்தன்று நான் வடைத் தட்டோடு நிற்கையில், “இளநீரைக் குடுத்தே மனுசனை முடிச்சுப்போட்டாள்” என்று அடுப்படிப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. யாருடையதென்று எழுதப் போவதில்லை. சொன்னவருக்குத் தெரியும். சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்ற அண்ணிக்கும் அது கேட்டது. அவர் அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வடையைப் பரிமாறினேன்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரு டொக்டரிடம், யாரோ ஒருவரின் கதைபோல விசாரித்தேன். சிறுநீரகம், குளிசை, உப்பு, இளநீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து செய்தது, ஒன்றை மட்டும் பிரித்துக் குற்றம் சொல்ல முடியாது என்றார். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு சில மாதம் ஓட்டினேன். ஆனால் எனக்குக் கணக்குத் தெரியும். ஒரு கரண்டி அந்த உப்பில் இருக்கும் பொற்றாசியம் ஒரு இளநீரில் இருப்பதைவிடப் பன்மடங்கு. அண்ணி கொடுத்தது துளி, நான் கொடுத்தது கரண்டி.

இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது முதலில் நற்குணங்களை மட்டும் எழுதினேன். அதை அண்ணியிடம் கொடுக்கப் போன இடத்தில் என்னால் கொடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் வாயால் சொன்னேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“உப்பு வாங்கினது தெரியாமல் செய்த பிழை, தம்பி. இந்த ஒரு வருசம்? நான் என்ர கையாலை அவருக்கு நஞ்சு குடுத்தனெண்டு ஒவ்வொரு நாளும் அழுததை நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?”

கொண்டுபோன தாளை நான் மடித்து வைத்தேன். “இப்ப சொன்னதை அப்பிடியே அச்சில போடுங்கோ” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அண்ணாவைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றிய பக்கத்து வீட்டு இளைஞர்களுக்கும், ஓட்டி வந்தவருக்கும், ஆஸ்பத்திரி டொக்டர்மார் தாதிமாருக்கும், எங்கெங்கிருந்தோ வந்து தோள் கொடுத்த பெரிய சேரின் மாணவர்களுக்கும், இந்த மலரை அச்சிட்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உறவினர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை வாசித்தபின், பந்தியில் உட்காருமுன், அண்ணியிடம் போய் இரண்டு வார்த்தை கதையுங்கள். அன்று அடுப்படியில் பேசியவர்கள் முதலில் போங்கள். என்னோடு கதைப்பதா, விடுவதா என்பதைப் பிறகு யோசியுங்கள். எல்லாவற்றையும் சொன்ன நாளில் இருந்து அண்ணி என்னோடு கதைக்கவில்லை.