தறிக்குழியில் ஒரு சாம்பல் குட்டி

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்த அன்னப்பழத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பூனைக்குட்டிகளுக்காக மட்டும் உட்காருவாள். வைக்கோல் படப்பில் தாயில்லாமல் கத்திக் கிடப்பவற்றை எடுத்து வந்து, முதுகைக் காட்டியபடி மணிக்கணக்கில் மூச்சுக் காட்டாமல் இருப்பாள். பயம் தெளிந்து அதுவாக மடியேறிய பிறகுதான் நல்ல வீடாகத் தேடிக் கொடுப்பாள்.

1912 மாசியில் மேலப்பாளையத்து நெசவாளி பீர் மைதீனுக்கு ஒரு சாம்பல் குட்டியைக் கொடுத்தாள். கஞ்சி போட்ட நூலை அங்கே எலிகள் குதறிக்கொண்டிருந்தன. மனம் கேட்காமல் மறுநாளே போய்ப் பார்த்தாள். குட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒடுங்கி, தறி அடிக்கும்போதெல்லாம் நடுங்கியது.

"ஒரு வாரம் தறிய நிப்பாட்டுங்க அண்ணாச்சி! அது பயப்படுதுல்லா?" என்று சீறினாள்.

"தறி நின்னா அடுப்பு எரியாதுக்கா," என்றாள் அவர் மனைவி மைதீன் பாத்திமா. "நீங்க எட்டு நாளு இங்கன வராம இருங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

அந்த எட்டு நாளும் அன்னப்பழத்துக்கு ஊசியும் ஓடவில்லை, சோறும் இறங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளைக் காரணமில்லாமல் வைதாள். ஒன்பதாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக வரப்பு வழியே ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றாள்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. நெசவாளி காலை இறக்கி மிதிக்கும் தறிக்குழியின் விளிம்பில் குட்டி வயிற்றைக் காட்டித் தூங்கியது. வந்தவளைக் கண்டதும் பீர் மைதீன் மரியாதைக்குத் தறியை நிறுத்தினார். சத்தம் நின்றதுதான் தாமதம், குட்டி திடுக்கிட்டு விழித்தது. வாசலில் நின்றவளைப் பார்த்தது. மிரண்டு, குழிக்குள் அவர் காலடியில் போய் ஒளிந்தது.

அன்னப்பழம் படியேறவில்லை.

"தறிய நிப்பாட்டாதிய அண்ணாச்சி," என்றாள் பைய. "அது பயப்படுது."