முன்பே அறிவித்தபடி

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாட்களில் எங்கள் வீட்டில் காப்பிக்கும் ரசத்துக்கும் ருசியில் வித்தியாசம் இருக்காது. இரண்டும் ஒரே மருந்து நெடியாகத் தொண்டையில் இறங்கும், குளித்துவிட்டு வந்தால் தலைமுடியில்கூட அதே நெடி அடிக்கும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், திருத்தணி மலைக்குக் காவடிகள் வந்து குவிகிற ஆடி மாதம் எங்கள் ஊரில் வாந்திபேதியோடு பிறந்தது. மெட்ராஸில் பரவிவிட்டது, அரக்கோணத்தில் ஒரு தெருவே காலி, நகரியில் மாமனாரும் மருமகனும் ஒரே நாளில் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு ரயிலும் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு செய்தியை இறக்கிவிட்டுப் போயின. வந்த செய்தியெல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் கடைத்தெரு முனையில் இருந்த படிப்பகத்தின் கரும்பலகை.

அதை ஊரில் ‘போர்டு’ என்றுதான் சொல்வார்கள். கூடாரக் கொட்டகையில் படம் நிறுத்தம், ஊசி போட்ட சீட்டு இல்லாதவர்கள் மலைக்குப் போக முடியாது, நகரி பஸ் இரண்டு நாளுக்கு வராது, காணாமல் போன கன்றுக்குட்டி கிடைத்தது, இன்னார் வீட்டில் வாந்திபேதி, இன்னார் மரணம் என்று எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக அதில் வரும். காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் போர்டைப் படித்துவிட்டு, எந்தத் தெரு வழியாக வீட்டுக்குத் திரும்புவது என்று அங்கேயே முடிவு செய்துகொள்வார்கள். ‘போர்டுல போட்டாச்சு’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள்.

அதை எழுதியவர் வேணுகோபால். பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் வேலை பார்த்தவர், அதனால் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். தலைப்புக்கு மட்டும் மஞ்சள் சாக்கட்டியால் கோடு போடுவார். அவர் கெட்டவர் இல்லை என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். நானும் கெட்டவர் என்று சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தோடு அவருக்கு வாய்க்கால் தகராறும் கிடையாது, வரப்புத் தகராறும் கிடையாது. செய்தி இல்லாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதானை’ நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் காலையில் நான் ஓடிப்போய் போர்டைப் பழைய நோட்டு ஒன்றில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். வேணுகோபாலின் எழுத்து அழகாக இருந்ததால் அதே மாதிரி சுழித்தும் நீட்டியும் எழுதிப் பழகினேன். அம்மா மாவரைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “யாரு பெத்த புள்ளையோ, மலையாண்டவன்தான் காப்பாத்தணும்” என்பாள். இது ஒவ்வொரு மரணச் செய்திக்கும் அவள் சொல்லும் வார்த்தை.

என் தம்பி தாமுவுக்கு அப்போது மூன்று வயது. ஒரு சாயங்காலம், சாமிக்கு என்று எடுத்து வைத்திருந்த பலாச்சுளைகளை யாருக்கும் தெரியாமல் அரைக்கூடை தின்றுவிட்டு, இரண்டு முறை வாந்தி எடுத்தான். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள், நின்றுவிட்டது. மறுநாள் விடியற்காலையில் அம்மா அந்தத் துணிகளைக் கிணற்றடியில் அலசிக்கொண்டிருந்ததைப் பால்காரம்மா பார்த்தாள், என்ன என்று கேட்டாள், அம்மா சொன்னாள். பால்காரம்மா போகிற போக்கில் படிப்பகத்தில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனாள்.

நான் போர்டுக்குப் போனபோது எங்கள் வீடு அதில் இருந்தது. ‘மேட்டுத்தெரு ரயில்வேக்காரர் வீட்டில் வாந்திபேதி. மகன், வயது 3.’ இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதியாக வேண்டும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீடு போர்டில் வந்துவிட்டது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினேன், வாசலிலிருந்தே “அம்மா, நம்ம ஊடு போர்டுல வந்துகீது” என்று கத்தினேன். அம்மாவின் கையில் இருந்த சொம்பு கீழே விழுந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. காலை வண்டிக்குப் போய்விட்டிருந்தார். ஒன்பது மணிக்குள் சுகாதார ஆட்கள் கூண்டு வண்டியோடு வந்துவிட்டார்கள். தாமு வாசலில் ஒரு தகர மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான். “பலாச்சுளை துன்னுட்டு வாந்தி எடுத்தான் சார், இப்போ பாருங்க, ஆடிகினுதான கீறான்” என்று அம்மா கெஞ்சினாள். வந்தவர் அவனை ஒருமுறை பார்த்தார், தயங்கியது போலத்தான் இருந்தது. பிறகு, “போர்டுல போட்டுகீதேம்மா, நாளைக்கு எதாவது ஆச்சுன்னா எங்களக் கேப்பாங்க” என்றார். அம்மாவும் தாமுவும் வண்டியில் ஏறினார்கள். தாமு வண்டிச் சவாரி என்று சிரித்துக்கொண்டே போனான்.

நந்தி ஆற்றங்கரையில் ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதில் நிஜமாகவே வாந்திபேதி கண்டவர்கள் வரிசையாகக் கிடந்தார்கள். நல்ல உடம்போடு உள்ளே போன என் தம்பிக்கு மறுநாள் ராத்திரி பேதி ஆரம்பித்தது, மூன்றாம் நாள் போய்விட்டான். வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. அங்கேயே புதைத்துச் சுண்ணாம்பு கொட்டினார்கள். அம்மா மட்டும் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல என் கால்கள் என்னைப் போர்டுக்குக் கொண்டுபோயின. ‘முன்பே அறிவித்தபடி வாந்திபேதியால் பாதிக்கப்பட்ட மேட்டுத்தெரு ரயில்வேக்காரர் மகன் மரணம்.’ முன்பே அறிவித்தபடி. அதன் கீழே மஞ்சள் கோடு வேறு. அன்று எல்லாத் தலைப்புக்கும் போட்ட கோடுதான் அது, எனக்குத் தெரியும், ஆனால் எனக்கு அவர் சபாஷ் வாங்க நிற்பது போலத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும், சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா, “இன்னா போட்டுக்குறாங்க, படி” என்றாள். படித்தேன். வழக்கமாகச் சொல்லும் வார்த்தையை அன்று அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ‘பழசப் போட்டுப் புள்ளையக் கொன்னுட்டா’, ‘அந்த ஊட்டுக் கெணத்தடியப் பாத்தியா, ஒரே பாசி’ என்றார்கள். எங்களோடு ஒரே கயிற்றில் தண்ணீர் இழுத்தவர்கள் வேறு கிணற்றுக்குப் போனார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நைனாவும் நம்பினார். கொட்டகையில்தான் நோய் ஒட்டிக்கொண்டது என்று அம்மா அழுதழுது சொன்னபோது, “மொத நாளே போர்டுல போட்டுட்டாங்களே, அப்பவே வந்துட்டுதுன்னுதான அர்த்தம்” என்றார். பலாப்பழக் கதை அம்மா தப்பித்துக்கொள்ளச் சொன்ன கதை என்று முடிவு செய்துவிட்டார். மலையில் ஆடிக் கிருத்திகை முடிந்ததும் அம்மா அம்மையார்குப்பத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், நான் மட்டும் நைனாவோடு இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அம்மா எதிர்த்துப் பேசவில்லை. “அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்” என்று மட்டும் ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள். தெய்வம் நிற்கட்டும், எனக்கு அவ்வளவு நாள் நிற்கப் பொறுமையில்லை. கிருத்திகைக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். படிப்பகம் சாப்பாட்டு வேளைக்கு மூடியிருந்தது. போர்டு வெளிச்சுவரில் மாட்டியிருக்கும், சாக்கட்டி ஜன்னல் மேல் தகர டப்பாவில் இருக்கும். வெயிலில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பேப்பர் படிக்கிற பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, கீழே அவர் காலியாக விட்டிருந்த இடத்தில், அவருடைய எழுத்தில், அவர் போடுகிற மாதிரியே எழுதினேன். ‘பிற்பகல் செய்தி. நமது படிப்பகப் பொறுப்பாளர் திரு. வேணுகோபால் இல்லத்தில் வாந்திபேதி. மகள், வயது 2.’ எங்களுக்கு ‘வீடு’ என்று எழுதியவர் தனக்கு ‘இல்லம்’ என்றுதான் எழுதுவார், ‘திரு’வும் போட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் கோடும் போட்டேன்.

மூன்று மணிக்கெல்லாம் ஊர் படித்துவிட்டது. காவடி எடுக்க நகரியிலிருந்து பூக்கூடையும் பித்தளைப் பாத்திரமுமாக அவர் வீட்டுக்கு வந்திறங்கிய மாமனார் வீட்டு ஜனம், தெருமுனையில் விஷயம் கேள்விப்பட்டு அப்படியே திரும்பி நடந்தது. பஸ் நிலையத்தில் காவடிக்காரர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த சுகாதார ஆட்கள், அதே கூண்டு வண்டியை அவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூட்டம் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானதால் நைனாவும் இருந்தார். நான்தான் வேடிக்கை பார்க்கலாம் வாங்க என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அம்மா எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்றாள்.

வேணுகோபால் மகள் சுகந்தியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். “எவனோ எழுதிட்டான்யா, பொய்யி” என்று எல்லார் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சொன்னார். சுகாதார ஆள், “ஒங்க எழுத்துதான சார்” என்றார். கூட்டத்தில் ஒருவர், “போர்டுல போட்டா பொய்யாவுமா?” என்றார், கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டார். குழந்தையை அவர் கையிலிருந்து பிடுங்கி வண்டியில் வைத்துவிட்டார்கள். அது வீரிட்டு அழுதது. அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது: “போர்டுல போடறதெல்லாம் பாத்துட்டா போடறோம்? காதுல வுழறதப் போடறோம். ரயில்வேக்காரர் ஊட்டுதும் அப்படித்தான், பால்காரம்மா சொன்னா, போட்டேன். நானா போய்ப் பாத்தேன்?”

கூட்டத்தில் சிலர் திரும்பி நைனாவைப் பார்த்தார்கள். நைனா என் கையை விட்டுவிட்டு ஓரடி முன்னால் போனார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அப்போ எம்புள்ள நல்லா இருந்தானா சார்?” வேணுகோபால் வண்டியைப் பிடித்துக்கொண்டு தன் மகளையே பார்த்தார். அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் போதவில்லை. வண்டி கிளம்ப வேண்டும், ஆற்றங்கரைக்குப் போக வேண்டும், கொட்டகைக்குள் அவர் குழந்தை போவதை அவர் பார்க்க வேண்டும் என்று நின்றேன். கொட்டகையில் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் நின்றேன்.

அதைக் கெடுத்தது அம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வண்டிக்குள் கையை விட்டுச் சுகந்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். “கொழந்த நல்லாத்தான் கீது. நெத்தியத் தொட்டுப் பாருங்க. அங்க இட்டுகினு போவாதீங்க, அங்க போனாதான் வரும்” என்றாள். பிள்ளையை அங்கே பறிகொடுத்தவள் சொல்கிறாள் என்பதால் சுகாதார ஆட்களும் விட்டுவிட்டார்கள். குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். அன்று ராத்திரி நான் அம்மாவோடு பேசவில்லை. ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. என் சுண்டுவிரல் நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சாக்குப் பொடியை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அம்மா அம்மையார்குப்பம் போகவில்லை. நைனா மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஆண்கள் அதைச் சொல்லி நான் கேட்டதுமில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக எங்கள் கிணற்றுக்குத் திரும்பி வந்தார்கள், அம்மாவும் கயிற்றை நீட்டினாள். வேணுகோபால் சில மாதம் ரயில் நேரமும் அரிசி விலையும் மட்டும் எழுதினார், பிறகு பழையபடி எல்லாம் எழுத ஆரம்பித்தார். ஊர் அவரை எளிதாக மன்னித்தது, ஊருக்கு என்ன, அதன் பிள்ளையா செத்தது? வயதான காலத்தில் ஊரின் முதல் செய்தியாளர் என்று சொல்லிப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

இப்போது படிப்பகம் இல்லை, அந்த இடத்தில் செல்போன் கடை. நந்தி ஆற்றங்கரையில் கொட்டகை இருந்த இடத்தை நானும் இரண்டு முறை தேடிப் பார்த்தேன், வீட்டு மனைக் கற்கள்தான் நட்டிருக்கின்றன. தாமுவை எங்கே வைத்தார்கள் என்று காட்ட ஆளில்லை. அம்மாவும் நைனாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. போன வருஷம் வேணுகோபாலும் போனார். நான் சென்னையில் இருந்துகொண்டு பத்திரிகைகளில் ஏதோ எழுதுகிறவள் என்பதால், சுகந்தி எனக்குப் போன் செய்தாள். அப்பாவுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறாளாம். “அந்த போர்டப் பத்தி நீங்கதான் ரெண்டு பக்கம் எழுதணுங்க்கா. ஒருவாட்டி யாரோ பொறாமைல அப்பா போர்டுல பொய்யா எழுதிட்டாங்களாமே, அன்னிக்கு ஒங்க அம்மாதான் என்னக் காப்பாத்துனாங்களாம், அப்பா சொல்லிகினே இருப்பாரு” என்றாள். எனக்கு ஒரு தம்பி இருந்தது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அத்தனை வருஷம் அந்தக் கதையைச் சொன்ன மனிதர் அதை மட்டும் சொல்லவில்லை.

அதனால் எழுதினேன். அன்று போர்டில் அந்தப் பொய்யை எழுதியவள் நான்தான் என்றும், அவளைக் கொட்டகைக்கு அனுப்பத்தான் எழுதினேன் என்றும், என் அம்மா குறுக்கே வராவிட்டால் வாயைத் திறந்திருக்கமாட்டேன் என்றும் ஒன்றையும் மறைக்காமல் இதை அவளுக்கே முதலில் அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பேசினாள். திட்டவில்லை. வெகுநேரம் அழுதாள், தாமு எப்படி இருப்பான் என்று கேட்டாள். கடைசியில், “என்னிய எது வேணும்னாலும் சொல்லுங்கக்கா, தாங்கிக்கிறேன். இத மட்டும் எங்கயும் அச்சுல போட்டுடாதீங்க” என்றாள்.

அம்மாவாக இருந்தால் சரி என்றிருப்பாள். நான் அம்மா இல்லை.