கும்பத்துக்குப் போக இருந்த செப்புச் சதம்

சென்ற ஆண்டு நவராத்திரிக்கு முதல் நாள், மொன்றியல் செயின்ட்-மிஷேலில் உள்ள ஒரு பழைய சாமான் சந்தையில் எனக்கு ஓர் அமெரிக்கச் செப்புச் சதம் கிடைத்தது. இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு. அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். அதனால் ஒரே ஆண்டுக் காசுகளிலும் அச்சுக்கு அச்சு வித்தியாசம் இருக்கும். ஒன்றில் இலை தள்ளியிருக்கும், இன்னொன்றில் பழம் குறைந்திருக்கும். இவற்றைத் தேடிச் சேர்ப்பதுதான் ஓய்வு பெற்ற பின் என் வேலை.

பேருந்திலேயே பூதக்கண்ணாடியை எடுத்து, காசின் பின்பக்கத்தில் உள்ள இலை மாலையின் பழங்களை எண்ணினேன். இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஆறு. திரும்ப எண்ணினேன். அதே கணக்கு! பல வருடமாக நான் தேடும் அரிய அச்சாக இருக்கலாம். ஆனால் அதே கணக்கில் சாதாரண அச்சு ஒன்றும் உண்டு. பிரித்தறியப் படப் புத்தகம் வேண்டும். அது செயின்ட்-லோரன்டில் உள்ள நண்பரிடம் இருந்தது. போகும் வழியில் தொலைத்துவிடுவேனோ என்ற பயத்தில் காசை வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போனேன்.

புத்தகத்தில் பதில் இருந்தது. அரிய அச்சு சீக்கிரமே விரிசல் விட்டுவிட்டதாம். அச்சில் விரிசல் விழுந்தால் காசில் அது மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். காசின் முன்பக்கத்தில் உள்ள பெண் தலையின் கூந்தலிலிருந்து விளிம்புவரை அந்தக் கோடு இருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் மனைவிக்குப் போன் எடுத்தேன்.

“மேசையிலை வைச்ச சல்லியை ஒருக்கா எடுத்துப் பாரும்.”

“அது புளிக்குள்ளை எல்லோ கிடக்குது.”

“என்ன?”

“கும்பத்துக்குள்ளை போடத்தானே வாங்கி வந்தனீங்கள்? கறுத்துப்போய்க் கிடந்துது. விளக்குகளோடை ஊறப் போட்டிட்டன்.”

காசு சேர்ப்பவர்கள் பழஞ்செம்பைத் துலக்கவே மாட்டார்கள். காலம் ஏற்றிய பழுப்பு நிறம் போனால் காசின் பாதி உயிர் போன மாதிரி.

“எடும், எடும்! தண்ணியிலை மட்டும் அலசும். தேய்க்காதையும்!” என்று கத்தினேன்.

“அண்ணை, உங்கடை காசுக்கு இண்டைக்குத் தீர்த்தத் திருவிழா” என்று நண்பர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

போனில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு நின்றது.

“இஞ்சாருங்கோ, செக்கச்செவேலெண்டு வந்திட்டுது.”

தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“இந்தப் பெட்டையின்ரை கூந்தலிலை இருந்து கரைமட்டும் ஒரு கோடு போகுது. நான் கீறேல்லை, இப்பவே சொல்லிப்போட்டன்!”

“நகத்தாலை மெல்லத் தடவிப் பாரும். பள்ளமோ, மேடோ?”

“மேடு. நல்ல மேடு.”

நான் போட்ட கூச்சலில் நண்பர் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டார். அழுக்கு மூடியிருந்ததால் என் கண்ணுக்குத் தப்பிய கோடு அது! அவருடைய காரில் பறந்து வந்தோம். மேசையில் மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. பூதக்கண்ணாடியை மனைவி விடுவதாக இல்லை.

“பொறுங்கோ, நான் இன்னும் பழம் எண்ணி முடியேல்லை.”

நிறம் போனது போனதுதான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் இத்தனை வருடம் நான் தனியாகக் குனிந்து பார்த்த ஒன்றை, மனைவி கையிலிருந்து விடாமல் பார்த்த அந்த நாள் தந்த சந்தோஷத்தை எந்தக் காசும் எனக்குத் தந்ததில்லை.