போடாத வரி

வருமான வரி என் சம்பளத்தில் முதன்முதலாகக் கைவைத்த மாதம் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கம். அந்தமானின் ஹேடோவில் கப்பல் சரக்கு இறங்கும் துறையை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் தலைமை குமாஸ்தா ஆகியிருந்தேன். பதவி உயர்வின் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பிடித்த தொகை ஒன்றும் பெரிதல்ல. ஆனாலும் நாலு நாள் கடல் தாண்டி வந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் கிடந்து சம்பாதிக்கிறவனிடம் டெல்லி எப்படிக் கை நீட்டலாம் என்று குவார்ட்டர்ஸ் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தேன்.

கையோடு ஒரு தத்துவமும் வைத்திருந்தேன். சம்பாதிப்பது என்ன குற்றமா, தண்டம் கட்ட? வருமானத்தை விட்டுவிட்டுச் செலவின்மேல் வரி போடட்டும். சிக்கனக்காரன் தப்பிப்பான், ஊதாரி கட்டுவான். கப்பலில் வரும் மூன்று வாரப் பழைய செய்தித்தாள்களில் பெரிய மனிதர்கள் சிலரும் ஏறக்குறைய இப்படியே எழுதியிருந்ததால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உதாரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மனிதரைத்தான் காட்டுவேன். சாத்தம் மர ஆலையில் கட்டை இழுக்கும் கூலி. பரமக்குடிப் பக்கத்துக்காரர். வீட்டுக்குக் கடிதம் எழுதி வாங்கிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வருவார். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. குடும்பம் வந்துவிட்டால் தங்க ஓர் அறை கிடைக்கும் என்று உறுதியாகியிருந்தது. ஆனால் மஸ்டர் ரோலில் பேர் எழுதி நாட்கூலி வாங்குகிறவருக்கு எங்களைப்போல சர்க்கார் செலவில் கப்பல் டிக்கெட் கிடையாது. மனைவிக்குத் தனியாகக் கப்பல் ஏறும் துணிச்சலும் இல்லை. இவரே போய்க் கூட்டிவர வேண்டும். போக ஒரு டிக்கெட், வர இரண்டரை. அதற்காகப் பீடியை விட்டார், டீயை விட்டார், மீனைக்கூட விட்டார். மாதக்கணக்கு அவருக்கு ஒத்துவராது, கப்பல் கணக்குதான்.

"இன்னும் ஆறு ஜகாஜ் போகட்டும் சார். ஏழாவதுல நான் ஏறிருவேன்" என்பார். ஜகாஜ் என்பது கப்பலுக்கு அவர் ஆலையில் கற்ற இந்தி.

"பாருங்கள், இப்படிச் சேமிக்கிற மனிதர்மேல் என் திட்டத்தில் வரியே விழாது" என்று நான் பிரசங்கம் செய்வேன். அவர் வருமான வரி என்று ஒரு பைசா கட்டியவர் அல்ல என்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

துறைமுகத்து மளிகை மொத்த வியாபாரிகளுக்கும் வருமான வரி கசந்தது. கூடிப் பேசி ஒரு மனு எழுதினோம். எழுதியது நான்தான். தீவுவாசிகளுக்கு வருமான வரியை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் பெட்டிக்கும் ஒரு சிறு வரி வாங்கிக்கொள்ளலாம் என்பது கோரிக்கை. தீவில் அப்போது விற்பனை வரி கிடையாது. அந்த இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று வாதம் வேறு. மனுவுக்குக் கனம் சேர்க்க பஸ் பிடித்துப் பெரார்கஞ்ச் வரை போய், வயலில் நின்ற ஆட்களிடம் கைநாட்டு வாங்கினேன். வருமான வரி கட்டாதவர்களின் கைரேகைகளாலேயே நாலு தாள் நிரம்பியது.

ஆலையில் கட்டை இழுப்பவரும் வைத்தார். "வரிய எடுக்கச் சொல்ற காகிதமா சார்? நல்லதுதானே, எங்க வைக்கணும்?" என்று கேட்டு வைத்தார்.

மனு போனது. பதில் வரவில்லை. மூன்று கப்பல் வந்து போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து, "பத்து ஜகாஜ்னு எழுதுங்க சார்" என்றார்.

ஆறு குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடியது என்று கேட்டேன். பருப்பு, எண்ணெய், மிளகாய், தீப்பெட்டி, சோப்பு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் ஏறிவிட்டது என்றார். எனக்குத் தெரியவே இல்லை. நாங்கள் வாங்குவது ஊழியர்களின் கூட்டுறவு ஸ்டோரில். அங்கே பழைய விலைதான்.

துறைமுகத்துக்கு எதிரே கடை வைத்திருந்த திருநெல்வேலிக்கார வியாபாரியிடம் போய்க் கேட்டேன். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. நல்ல மனிதர், ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"என்ன செய்யச் சொல்லுதிய? மனு மேல போயிருக்கு. நாளைக்கே சர்க்கார் சரின்னு சொல்லி, முன்தேதி போட்டு மூட்டைக்கு இவ்வளவுன்னு கேட்டா, வித்த சரக்குக்கு நான் யாருகிட்ட போயி வாங்குவேன்? அதான் நாங்கள்லாம் இப்பவே சேத்து வாங்கி ஒதுக்கி வச்சிக்கிடுதோம்."

"இன்னும் போடவே இல்லையே அண்ணாச்சி!"

"கட்டாயம் போடுவாவன்னு நீங்கதான சொன்னிய?"

மழைக்காலம் முடியும்போது பதில் வந்தது. இரண்டே வரி. வருமான வரியை நீக்க இயலாது, எனவே மாற்று வரி என்ற கேள்வி எழவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அண்ணாச்சி நிதானமாகப் படித்தார்.

"எறக்கலாம். நான் ஒருத்தன் எறக்கினா ஆச்சா, மத்தவுக எறக்கணும்லா? ஒதுக்கினத யாருக்குத் திருப்பிக் குடுக்கது? எவன் எத்தன தீப்பெட்டி வாங்கினான்னு யாரு எழுதி வச்சா?"

யாரும் இறக்கவில்லை. போட்ட வரியை எதிர்த்து மனுக் கொடுக்கலாம். போடாத வரியை நீக்கச் சொல்லி யாரிடம் மனுக் கொடுப்பது? என் சம்பளத்தில் வருமான வரி மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. அதனால் நான் ஒரு வேளைகூடக் குறைத்துச் சாப்பிடவில்லை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அவரோ கூலியில் பெரும்பகுதியை வயிற்றுக்கும் ஊருக்கும் கொடுத்தாக வேண்டியவர். மிஞ்சுவது ஒரு விரற்கடை. விலை ஏற்றம் அந்த விரற்கடையைத்தான் தின்றது. சிக்கனக்காரன் தப்பிப்பான் என்று சொன்ன வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது.

டிக்கெட் பணத்தை நானே தருவதாகச் சொன்னேன். மனுவில் என் பங்கையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானே சார் செஞ்சீங்க. ஆனா பொண்டாட்டி புள்ளைய அடுத்தவுக காசுல கூட்டியாந்தேன்னு வேணாம்" என்றார். அதற்குமேல் பேச விடவில்லை.

அவர் கணக்கு பதினாலு கப்பலுக்கு ஏறியிருந்த சமயம் எனக்கு ஊர் போக விடுப்புக் கிடைத்தது. ஒரு சேலையும் மகளுக்கு ஒரு பாவாடைத் துணியும் கொடுத்தனுப்பினார். பரமக்குடியில் இறங்கி நாலு மைல் நடந்தேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவர் மனைவி பாய் விரித்து உட்காரச் சொல்லி, எங்கேயோ போய்ப் பால் வாங்கிவந்து காப்பி கொடுத்தாள். சேலையைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"மொதல்ல ஆறு கப்பல்னு எழுதுனாரு. அப்புறம் பத்துன்னாரு. இப்ப பதினாலுங்கிறாரு. கூலியக் கொறச்சுட்டாகளாண்ணே?"

"இல்லம்மா, குறைக்கல."

"சீக்கு கீக்கு எதுவும்?"

"அதெல்லாம் இல்ல. நல்லா இருக்கார்."

"குடிக்கிறாரா?"

"டீகூடக் குடிக்கிறதில்லம்மா."

"அந்தமான்ல இருந்து வந்தவுக சொல்றாக, அது வரியே இல்லாத ஊரு, கடையில எல்லாம் மலிவுன்னு. நெசமாண்ணே?"

விற்பனை வரி இல்லை என்பது உண்மைதான் என்றேன். 

"அப்பக் காசெல்லாம் எங்க போவுது?"

எல்லாவற்றையும் சொன்னேன். மனு, கைநாட்டு, வராத பதில், வந்த பதில், சர்க்கார் போடாத வரியைக் கடைக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டது, அது நிலைத்துவிட்டது. சொல்லச் சொல்ல அது என் காதிலேயே பொய்யாக விழுந்தது. சிநேகிதனைக் காப்பாற்ற ஒருவன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து ஒப்பித்த கதைபோல இருந்தது. காட்ட என்னிடம் ஒரு ரசீது இல்லை, ஒரு உத்தரவு இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

என் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"மறைக்க வேணாம்ணே. நான் அங்க வந்து சண்ட போட மாட்டேன்" என்றாள். "அந்த வீட்டுல இருக்கிறது ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"