மாட்டாமல் விட்ட தகடு

இசக்கியின் கார் எரிந்துவிட்டது என்று போன் வந்தபோது நான் ஷெட்டில் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ரோட்டில் பரப்பியிருந்த காய்ந்த உளுந்தஞ்செடி காருக்கு அடியில் சிக்கித் தீப்பிடித்ததாம். பின் சீட்டில் சவாரி வந்த ஒரு தாயையும் பிள்ளையையும் வெளியே இழுத்துவிட்ட இசக்கிக்கு இரண்டு கையும் வெந்துவிட்டன. எல்லாரும் செடியைத் திட்டினார்கள். நான் ஷெட் சுவரில் தொங்கிய தகட்டைப் பார்த்தேன்.

பதினைந்து நாளுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். திருநெல்வேலி டவுணில் முப்பது வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவன் நான். இசக்கி சொந்தக் காரை டாக்ஸியாக ஓட்டுகிறவன். வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்று கொண்டுவந்தான். கழற்றிப் பார்த்தால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே நொறுங்கி அடைத்துக் கிடந்தது. புகையைச் சுத்தப்படுத்த சைலன்ஸர் பைப்பில் இருக்கிற பெட்டி அது. வண்டி ஓடும்போது அடுப்பாகக் கொதிக்கும்.

“ஏலே, ஒரிஜினலே போட்டுரு” என்றேன்.

“ஒரிஜினல் போடணும்னா வண்டியத்தான் விக்கணும் அண்ணாச்சி. ஓடுத மாதிரி ஏதாவது போட்டு விடுங்க. நாளைக்குக் கல்யாணச் சவாரி இருக்கு.”

டூப்ளிகேட்டை வாங்கி மாட்டினேன். அதுவரை தப்பில்லை. முடியாதவனிடம் ஒரிஜினல்தான் என்று பிடிவாதம் பிடிக்க நான் யார்? ஆனால் அந்தப் பெட்டி கொஞ்சம் தடிமன். சூடு வெளியே படாமல் மறைக்கிற ஹீட் ஷீல்டு தகடு அதன்மேல் உட்காரவில்லை. போல்ட் ஓட்டை ஒன்றுகூடச் சேரவில்லை. வெட்டி, வெல்டிங் வைத்தால் அரை நாள் வேலை. எனக்கோ பசி. தகட்டை ஆணியில் தொங்கவிட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “சூப்பரா இழுக்கு அண்ணாச்சி” என்று சிரித்தான். தகட்டைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. சொன்னால் அரைகுறை வேலை என்று நினைப்பானே என்கிற வீம்பு.

ஆஸ்பத்திரி வாசலில், செடியைப் பரப்பிய பேச்சியம்மாள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “வருசா வருசம் அங்கனதான்யா போடுதோம். எத்தனையோ வண்டி ஏறிப் போயிருக்கு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். உள்ளே இசக்கி கைக்கட்டோடு கிடந்தான்.

“அந்தப் பொம்பளைய விட மாட்டேன் அண்ணாச்சி. கேசு குடுக்கப் போறேன்.”

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. நாலாம் நாள் தகட்டை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவான் என்று நினைத்தேன். அவன் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி. செடி கெடந்தா நான் சுத்திப் போயிருப்பேன்.”

அவன் கேசு கொடுக்கவில்லை. வாசலில் அன்றும் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளிடம், “உம்ம செடி மேல தப்பில்ல தாயி, எம்மேலதான்” என்று நானே சொன்னேன். அவள் எழுந்து பஸ்ஸுக்குப் போனாள்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களே, மலிவுச் சாமானா, ஒரிஜினலா என்பது வண்டிக்காரன் முடிவு. ஆனால் எதை மாட்டாமல் விட்டீர்களோ, அதை அவனிடம் சொல்லி, கையில் கொடுத்து அனுப்புங்கள். நான் தகட்டைக் கொண்டுபோனபோது இசக்கியின் இரண்டு கையும் கட்டுக்குள் இருந்தன. கட்டைப் பிரித்த பிறகும் அந்த விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்க மடங்கவில்லை.